அருவிக்கு மேலே ஒரு பாதை

குற்றாலத்துக்குப் போய்விட்டு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். தென்காசியில் இறங்கினோம், ஐந்து கிலோமீட்டர்தானே என்று பஸ் பிடித்தோம், பேரருவியில் வரிசையில் நின்று குளித்தோம், ஐந்தருவிக்கு ஆட்டோ பேசினோம், ராத்திரி பரோட்டா சாப்பிட்டோம், நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கினோம், கிளம்பிவிட்டோம்.

சரி, ஒரு கேள்வி. அந்த அருவிக்கு மேலே என்ன இருக்கிறது?

பெரும்பாலானவர்களிடம் பதில் இருக்காது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. குளிக்கும்போது மேலே பார்க்க முடியாது. தண்ணீர் மண்டையில் அடிக்கிற அடியில் கண் தானாக மூடிக்கொள்ளும். குளித்து முடித்த பிறகு பார்க்கத் தோன்றாது, பசி வந்துவிடும்!

ஆனால், மேலே ஒரு பாதை ஏறுகிறது. பேரருவியிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் போனால் செண்பகாதேவி அருவி. கரையில் அம்மன் கோயில். இன்னும் ஏறினால், அடிவாரத்திலிருந்து கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டரில் தேனருவி. சுற்றியுள்ள பாறைகளில் மலைத்தேனீக்கள் அடை கட்டுவதால் அந்தப் பெயர். கீழே நம் தலையில் விழுகிற சிற்றாற்றுத் தண்ணீர், இந்த இரண்டு இடங்களையும் தாண்டித்தான் இறங்கி வருகிறது.

இந்த மலைப் பாதைகளை யார் போட்டார்கள்? யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு வரைந்ததில்லை. தேன் எடுக்கப் போனவர்கள், சாமி கும்பிடப் போனவர்கள், தலைச்சுமை வியாபாரிகள், சித்தர்களைத் தேடிப் போனவர்கள், செடி பறிக்கப் போனவர்கள்... இப்படி நூற்றாண்டுக் கணக்கில் கால்கள் பட்டுப் பட்டு உண்டான தடங்கள். அரசர்களின் கதை கல்வெட்டில் இருக்கிறது. கால்நடையாகப் போனவர்களின் கதை? அது இந்தத் தடங்களில்தான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் படித்துப் பார்ப்போம்.

* * *

முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? சுமார் 180 அடி உயர ராஜகோபுரம். சாரல் காலத்தில் அதன் வாசலில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். வேட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டியிருக்கும். இதை ஏதோ சிற்பியின் மாயம் என்று சொல்கிறவர்கள் உண்டு. மாயம் கோபுரத்தில் இல்லை, மலையில் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை நமக்கும் கேரளத்துக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கும் சுவர். ஜூன் மாதம் அரபிக்கடலிலிருந்து கிளம்பும் தென்மேற்குப் பருவக்காற்று இந்தச் சுவரில் மோதி, மழையை எல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் நமக்கு வெயிலும் வறட்டுக் காற்றும்தான் மிச்சம். ஆனால் சுவரில் சில இடங்களில் ஓட்டை இருக்கிறது. பெரிய ஓட்டை, பாலக்காட்டுக் கணவாய். அதற்குத் தெற்கே அடுத்தது செங்கோட்டைக் கணவாய்; ஆரியங்காவு கணவாய் என்றும் சொல்வார்கள். அந்த வழியாக ஈரக்காற்று நுழைந்து வருகிறது. மீதி இருக்கிற துளிகளைத் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை மேல் தூவிவிட்டுப் போகிறது. அதுதான் சாரல்.

குற்றாலம் ஒன்றும் ஊட்டி மாதிரி உயரத்தில் இல்லை. மலையின் காலடியில், தரையோடு தரையாக இருக்கிற ஊர். ஜூலையில் அங்கே குளிர்வதற்கு உயரம் காரணமில்லை, இந்த வாசல்தான் காரணம்.

இந்த வாசலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மனிதனுக்கு வசதியாக இருந்த கணவாய், சில பறவைகளுக்குத் தாண்ட முடியாத பள்ளமாக இருந்திருக்கிறது! உச்சிமலைச் சோலைகளில் மட்டும் வாழும் சின்னப் பறவைகள் உண்டு. அவை தாழ்வான, வெப்பமான பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் ஏறுவதில்லை. அதனால் கணவாய்க்கு வடக்கே இருந்த கூட்டமும் தெற்கே இருந்த கூட்டமும் வெகுகாலம் பிரிந்தே இருந்து, வேறு வேறு இனங்களாக மாறிவிட்டன. தெற்கே அகத்தியமலைத் தொடரில் வாழும் அப்படியொரு குட்டிப் பறவையை, மரபணுவை ஆராய்ந்து பார்த்துத் தனி இனம் என்று 2017-இல்தான் அறிவித்தார்கள். அசம்பு சோலைக்கிளி என்று பெயர். கிளி என்றாலும் கிளி இல்லை. ஏறத்தாழ சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும்.

பறவை தாண்டாத பள்ளத்தை மனிதன் தாண்டினான். சும்மா தாண்டவில்லை. பெண் கொடுத்து, பெண் எடுத்து, சாமியையும் சேர்த்துக்கொண்டு தாண்டினான்.

* * *

தென்காசிக் கோயிலைக் கட்ட ஆரம்பித்தவர் பராக்கிரம பாண்டியன். ஆண்டு 1446. மதுரையில் பழைய செல்வாக்கை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர்கள், இந்த மலையடிவாரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கணவாய் வாயில் உட்கார்ந்தவனுக்கு வருகிற சரக்கும் தெரியும், போகிற சரக்கும் தெரியும். மிளகு, ஏலம், தேன், மரம் எல்லாம் மேற்கிலிருந்து வரும். துணி, உப்பு, தானியம் கிழக்கிலிருந்து போகும்.

மதுரை சௌராஷ்டிர மக்கள் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. பட்டு வியாபாரி ஒருவர் திருவிதாங்கூர் அரண்மனைக்குப் பட்டு கொண்டு போகிறார். கூடவே மகள் புஷ்கலை. காடு பயங்கரமாக இருக்கிறது. மகளை ஆரியங்காவு கோயிலில் விட்டுவிட்டு, திரும்பி வரும்போது கூட்டிக்கொள்கிறேன் என்று போகிறார். திரும்பி வந்தால் மகள் இல்லை. ஆரியங்காவு ஐயனோடு கலந்துவிட்டாள் என்கிறார்கள். அன்றிலிருந்து சாமி மாப்பிள்ளை, மதுரைக்காரர்கள் பெண் வீட்டார்! இன்றைக்கும் ஒவ்வொரு மார்கழியிலும் மதுரையிலிருந்து சௌராஷ்டிர மக்கள் சீர்வரிசையோடு போய் ஆரியங்காவில் திருக்கல்யாணம் நடத்துகிறார்கள். கேரளத்தில் இருக்கிற கோயிலில், தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குச் சம்பந்தி மரியாதை.

கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் அதற்குள் ஒரு வரலாற்றுச் செய்தி ஒளிந்திருக்கிறது. மதுரையிலிருந்து பட்டு மூட்டை இந்த வழியாகத்தான் போனது. வழியில் காடு. வழித்துணைக்கு ஒரு சாமி. அந்தச் சாமிதான் சாஸ்தா. ஆரியங்காவு, அச்சன்கோவில், குளத்துப்புழை என்று இந்தப் பகுதியின் மலைவழிகளை ஒட்டியே அவர் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். பயணிகளுக்குப் பயம் எங்கே இருந்ததோ, அங்கே கோயில் இருக்கிறது.

இன்னொரு வழக்கம் இன்னும் சுவாரசியமானது. மார்கழித் திருவிழாவுக்கு அச்சன்கோவில் ஐயப்பனின் திருவாபரணப் பெட்டி புனலூரிலிருந்து கிளம்பும். புனலூரும் கேரளம், அச்சன்கோவிலும் கேரளம். ஆனால் பெட்டி மலையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்து, செங்கோட்டை, தென்காசி என்று ஊர் ஊராக வரவேற்பு வாங்கிக்கொண்டு, மறுபடி மலை ஏறி அச்சன்கோவிலுக்குப் போகும். தென்காசிக் கோயில் வாசலில் அதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். எல்லைக்கோடு போடுவதற்கு முன்னால் இருந்த உறவு இது.

எல்லைக்கோடும் இங்கே நிலையாக நின்றதில்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. அன்றைக்குத்தான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. அதாவது, குற்றாலத்திலிருந்து சில கிலோமீட்டர் நடந்தால் அடுத்த ராஜ்யம். குற்றாலத்தில் திருவிதாங்கூர் மன்னருக்கு ஓர் அரண்மனை இருந்தது. அது இப்போதும் கேரள அரசின் சொத்துதான்.

1904-இல் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே மலையைக் குடைந்து ரயில் வந்தது. கழுதுருட்டி பக்கம் 13 கண் பாலம் எழும்பியது. தலைச்சுமைக்காரனுக்கும் மாட்டு வண்டிக்கும் வேலை குறைந்தது. அந்தச் சின்ன ரயிலும் 2010-இல் நின்று, 2018-இல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. இன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே கணவாயைத் தாண்டிவிடலாம். பட்டு வியாபாரி மகளை விட்டுவிட்டுப் போன காடு, ஜன்னலில் சில நிமிஷம் பச்சையாக ஓடி மறைகிறது.

* * *

இப்போது குற்றாலம் கடைத்தெருவுக்கு வருவோம். சீசனில் தள்ளுவண்டியில் மங்குஸ்தான் குவித்து வைத்திருப்பார்கள். ரம்புத்தான் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் துரியனும் கிடைக்கும், வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்! இவையெல்லாம் நம்ம ஊர்ப் பழங்கள் இல்லை. மலேயா, இந்தோனேசியா பக்கத்துச் சரக்கு. இங்கே எப்படி வந்தன?

கதை சாதிக்காயில் ஆரம்பிக்கிறது.

ஒரு காலத்தில் உலகத்துக்கே சாதிக்காய் வந்தது இந்தோனேசியாவின் பண்டா தீவுகளிலிருந்துதான். வரைபடத்தில் தேடினால் கடுகு மாதிரி தெரியும் தீவுகள். அந்த வியாபாரத்தைத் தாங்கள் மட்டும் வைத்துக்கொள்ள, 1621-இல் டச்சுக்காரர்கள் அந்தத் தீவு மக்களைக் கொன்று குவித்தார்கள். பண்டாவில் ரன் என்ற குட்டித் தீவு மட்டும் ஆங்கிலேயர் உரிமை கொண்டாடியது. 1667-இல் போட்ட உடன்படிக்கையில் அதை டச்சுக்காரர்களுக்கே விட்டுக்கொடுத்து, பதிலுக்குத் தாங்கள் பிடித்திருந்த மன்ஹாட்டனை ஆங்கிலேயர் வைத்துக்கொண்டார்கள். இன்றைய நியூயார்க்கின் நடுப்பகுதி! ஒரு சாதிக்காய்த் தீவுக்கு அவ்வளவு மதிப்பு.

1796-இல் ஆங்கிலேயர் பண்டாவையும் அம்பாய்னாவையும் கைப்பற்றினார்கள். கையில் கிடைத்த தீவு எப்போது வேண்டுமானாலும் கைமாறும் என்பது கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தெரியும். அதனால் ஒரு காரியம் செய்தார்கள். தீவு போனால் போகட்டும், செடியைக் கிளப்பிவிடுவோம்! கம்பெனியின் தாவர நிபுணர் கிறிஸ்டோபர் ஸ்மித் அங்கே போய், சாதிக்காய், கிராம்பு நாற்றுகளை ஆயிரக்கணக்கில் எடுத்துப் பினாங்குக்கும் மற்ற இடங்களுக்கும் கப்பலேற்றினார்.

அந்தச் செடிகளுக்கு ஈரம் வேண்டும், நிழல் வேண்டும், கடுங்குளிர் கூடாது. தென்னிந்தியாவில் அப்படி ஓர் இடம் எங்கே? தரைமட்டத்திலேயே சாரல் அடிக்கிற குற்றாலம்! 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மலையடிவாரத்தில் கம்பெனியின் வாசனைப் பொருள் தோட்டங்கள் வந்தன. சாதிக்காய், கிராம்பு, பட்டை எல்லாம் நட்டார்கள். சாதிக்காய் மரம் பொறுமையைச் சோதிக்கும். காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். மரத்தில் ஆண், பெண் உண்டு; பூக்கிற வரை எது என்ன என்று தெரியாது. பாதி மரம் ஆண் என்று தெரியவரும்போது பாதி உழைப்பு வீண். பண்டாவை மிஞ்சும் கனவு பலிக்கவில்லை. தோட்டங்கள் பிற்பாடு தனியார் கைக்குப் போயின.

ஆனால் தீவுச் செடிகளுக்கு இந்த மண் பிடித்துப்போனது. அரசுப் பழத்தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அருவிக்கே பழத்தோட்ட அருவி என்றுதான் பெயர். அடுத்த தடவை மங்குஸ்தானை இரண்டு கையால் அழுத்தி உடைக்கும்போது, ஒரு நிமிஷம் அந்தத் தீவுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

* * *

தோட்டம் போட்டவர்கள் அடிவாரத்தில் நின்றுவிட்டார்கள். மேலே ஏறிப்போனவர் ஒரு டாக்டர்.

ராபர்ட் வைட். ஸ்காட்லாந்துக்காரர், 1796-இல் பிறந்தவர். 1819-இல் கம்பெனியின் மருத்துவராக இந்தியா வந்தார். 1830-களின் நடுவில் பாளையங்கோட்டையில் படைப்பிரிவு ஒன்றுக்கு மருத்துவர். சிப்பாய்களுக்கு மருந்து கொடுத்த நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் செடிதான். பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலம் தூரமில்லை. வந்தார், ஏறினார், பிரமித்துப் போனார்.

ஏன் பிரமிப்பு? இந்த மலையின் அமைப்பு அப்படி. அடிவாரத்தில் வெயிலுக்கு இலை உதிர்க்கும் வறண்ட காடு. கொஞ்சம் ஏறினால் கலப்புக் காடு. இன்னும் மேலே போனால் வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும் மழைக்காடு. பாறையில் பாசி, பாசிக்கு மேல் பெரணி, மரக்கிளையில் ஆர்க்கிட். ஒரே நாள் நடையில் மூன்று நாட்டுக் காட்டைப் பார்த்த மாதிரி. செடி தேடுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பறித்த செடியைக் காகிதத்தில் அழுத்திக் காய வைத்தால் உருவம் தங்கும், நிறம் போய்விடும். பூ கறுத்துவிடும். அதனால் வாடுவதற்குள் வரைந்தாக வேண்டும். வைட் ஓவியர் இல்லை. வரைந்தவர்கள் நம்ம ஊர்க்காரர்கள் இரண்டு பேர். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. பூவை வரைவார்கள், அதைப் பிளந்து மகரந்தத்தாள், சூல்பை என்று ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் பெரிதாகப் பார்த்துத் தனித்தனியாக வரைவார்கள்.

அந்தப் படங்களை மெட்ராஸில் கல் அச்சில் அடித்து, 1838-லிருந்து 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார் வைட். மொத்தம் 2,101 படங்கள். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அதைப் புரட்டாமல் எழுத முடியாது. ஓவியர்கள் வரைந்த மூலப் படங்கள் பல, எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் பத்திரமாக இருக்கின்றன.

வைட்டிடம் ஒரு நல்ல குணம். வரைந்தவர் பெயரையும் அச்சிட்டார். அதற்கும் மேலே போய், ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயியா’ என்று கோவிந்துவின் பெயரையே வைத்தார். பெயர் வைப்பதென்றால் கவர்னர்களுக்கும் பிரபுக்களுக்கும் வைக்கிற காலம் அது. சம்பளத்துக்கு வேலை பார்த்த ஓர் இந்திய ஓவியனுக்கு அப்படியொரு மரியாதை! பிற்பாடு தாவரவியல்காரர்கள் அந்தப் பேரினத்தை வேறொன்றோடு சேர்த்துவிட்டார்கள். பெயர் புழக்கத்திலிருந்து போய்விட்டது.

சரி, டாக்டர் பெயர் தெரிகிறது. ஓவியர் பெயர் தெரிகிறது. முன்னால் நடந்து வழி காட்டியவன் யார்? எந்த மரத்தில் எந்த மாதம் பூ வரும், எந்தப் பாறை வழுக்கும், யானை எந்தப் பக்கம் இறங்கும் என்று சொன்னவன் யார்? செடிக் கட்டைத் தலையில் சுமந்து இறங்கியவன் யார்? அவன் பெயர் எந்தப் படத்தின் கீழும் இல்லை.

இந்த மலையைப் பற்றி மலைக்காரர் வாயால் பேசவைத்த ஒரே ஆள், நம் திரிகூடராசப்பக் கவிராயர்தான். தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரம் அவர் ஊர். 18-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய குற்றாலக் குறவஞ்சியில், மலையின் வளத்தைச் சொல்கிறவள் குறத்தி. ராஜாவும் இல்லை, புலவரும் இல்லை. மலை அவளுடையது, அதனால் அவள் சொல்கிறாள். கற்பனைதான். ஆனாலும், மலையைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் மலையில் நடக்கிறவளைத்தான் கேட்க வேண்டும் என்ற நியாயம் அந்தக் கவிஞருக்குத் தெரிந்திருந்தது.

* * *

இனி இன்றைய கதை.

பேரருவியில் குளிக்கிற கூட்டம் ஒரு காலத்தில் அப்படியே செண்பகாதேவிக்கும் ஏறியது. கூடவே சோப்பு ஏறியது, எண்ணெய் ஏறியது, பாட்டில் ஏறியது, பிளாஸ்டிக் பை ஏறியது. மேலே போடுகிற குப்பை எங்கே போகும்? கீழே குளிக்கிறவன் தலைக்குத்தான் வரும். அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று 2014-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்ல வேண்டி வந்தது. அதோடு முடியவில்லை. இயற்கையான ஓடைகளைத் திருப்பி, தனியார் விடுதிகளுக்குள்ளேயே செயற்கை அருவி உண்டாக்கிக் காசு பார்க்கிறார்கள் என்று வழக்கு வந்து, 2022-இல் அதே நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அருவியையே வீட்டுக்குள் இழுத்துப்போட்டுக்கொள்ளும் அளவுக்கு நம் ஆசை வளர்ந்துவிட்டது!

அருவி என்பது பாறையும் தண்ணீரும் மட்டும் இல்லை. மேலே இருக்கிற காடுதான் அருவி. மழை பெய்ததும் அத்தனை தண்ணீரும் ஓடிவிடாமல், இலைச்சருகும் வேரும் மண்ணும் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகின்றன. மழை நின்று நாள்கள் ஆன பிறகும் அருவி விழுவது அதனால்தான். அந்தத் தண்ணீர் குளிப்பதற்கு மட்டும் வருவதும் இல்லை. குற்றாலத்தைத் தாண்டியதும் சிற்றாறு அணைக்கட்டுகளில் பிரிந்து, வாய்க்காலில் ஓடி, குளங்களை நிரப்பி, வயலுக்குப் பாய்ந்து, மிச்சம் மீதி சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. நாம் ஒரு மணி நேரம் குளிக்கிற தண்ணீரை நம்பி, கீழே பல ஊர்கள் நாற்று விடுகின்றன.

அதனால் மலையைக் காப்பாற்றச் சட்டங்கள் வந்தன. 2015-இல் இந்தப் பகுதிக் காடுகளைச் சேர்த்து நெல்லை வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறப் போன குழு காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தனி விதிகளை அரசு கொண்டுவந்தது. அனுமதியில்லாமல் ஏறினால் குற்றம்.

தண்ணீரும் தன் பங்குக்கு எச்சரித்தது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம். ஒரு நிமிஷம் முன்பு வரை சாதாரணமாக விழுந்துகொண்டிருந்த அருவி, மேலே பெய்த மழையால் காட்டாறாகப் பாய்ந்து, ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோய்விட்டது. கீழே நிற்கிறவனுக்கு மேலே மழை பெய்வது தெரியாது. அருவிக்கு மேலே என்ன இருக்கிறது என்ற கேள்வி வெறும் சுவாரசியத்துக்காகக் கேட்கிற கேள்வி இல்லை என்பது இப்போது புரிகிறதா?

அப்படியானால் பாதையை நிரந்தரமாக மூடிவிடலாமா? அப்படி நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மனிதன் போகாத காடு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். யாருமே பார்க்காத மலைக்காக யார் பரிந்து பேசுவார்கள்? மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் எப்படிச் சேர்கிறது என்று நேரில் பார்த்த பையன், வளர்ந்து பெரியவனானதும் ஓடையைத் திருப்புகிறவனைச் சும்மா விடமாட்டான். பார்க்காதவனுக்குக் குற்றாலம் என்றால் இரும்புக் கம்பி பிடித்துக் குளிக்கிற இடம், அவ்வளவுதான்.

நடுவழி ஒன்று கண்டுபிடிக்க முயற்சி நடக்கிறது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 மலைப்பாதைகள். முன்பதிவு செய்ய வேண்டும். அளவான ஆட்கள்தான். பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார். காட்டுத்தீ அபாயம் உள்ள கோடை மாதங்களில் பாதைகள் மூடப்படும். அந்த 40-இல் குற்றாலம்–செண்பகாதேவி பாதையும் ஒன்று.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் அந்த வழிகாட்டிதான். காட்டையொட்டிய ஊர்களைச் சேர்ந்த இளைஞர்களையும் பழங்குடி மக்களையும் பயிற்சி கொடுத்து அமர்த்துகிறார்கள். வைட்டுக்கு முன்னால் நடந்துபோன அந்தப் பெயர் தெரியாத ஆளின் வேலையை, இன்றைக்குச் சம்பளத்தோடும் பெயரோடும் ஒருவர் செய்கிறார். திட்டம் இப்படியே ஒழுங்காக நடக்குமா, நாளைக்குக் கூட்டம் சேர்ந்து கெட்டுப்போகுமா? அது அதிகாரிகள் கையில் பாதி, போகிறவர்கள் கையில் பாதி.

தென்காசி கோபுரத்தைப் பற்றி இன்னும் ஒரு விஷயம். அந்தக் கோயிலில் பராக்கிரம பாண்டியன் கல்லில் எழுதி வைத்த வேண்டுகோள் புகழ்பெற்றது. இந்தக் கோயில் ஒரு நாள் பழுதுபடும், அப்போது எவன் இதைச் சரிசெய்து காப்பாற்றுகிறானோ, அவன் காலில் நான் இப்போதே விழுகிறேன் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். ஒரு ராஜா, இனிமேல் பிறக்கப்போகிற யாரோ ஒருவன் காலில்! பிற்பாடு இடியும் தீயும் தாக்கிக் கோபுரம் சிதைந்து நின்றது. ஊர் கூடி எழுப்பி, 1990-இல் குடமுழுக்கு நடத்தியது.

கோபுரம் சிதைந்தால் மறுபடி கட்டிவிடலாம். மழைக்காட்டைக் கட்ட எந்தக் கொத்தனாரும் இல்லை.

அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகிறீர்களா? குளியுங்கள், பழம் வாங்குங்கள். ஒரு நாள் கூடுதலாகத் தங்க முடிந்தால், பாதை திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொண்டு, அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு மேலே ஏறிப் பாருங்கள். கையில் கொண்டுபோகிற பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கிளம்புவதற்கு முன்னால், கூட வருகிற வழிகாட்டியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.